ஒன்பது லட்சம் மரமும் ஒரு குட்டை வாழையும்

ராணிப்பேட்டைக்குப் போய்வந்தேன் என்று சொன்னவுடனே, என் நண்பர்களில் பாதிப் பேர், “நல்ல செருப்பு ஏதாவது வாங்கினீரா?” என்று கேட்டார்கள். மற்றப் பாதிப் பேர் ஒன்றும் கேட்காமல் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள். அந்த ஊருக்கு இந்த இரண்டு கீர்த்திகளையும் தவிர வேறு ஒன்றும் கிடையாது என்பது சென்னைவாசிகளின் அபிப்பிராயம். நான் போனதோ வாழைத் தோட்டம் பார்க்க! இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வாலாஜாவுக்கு அருகே பிதிரார்ஜித நிலம் இரண்டு ஏக்கரில் வாழை வைத்திருக்கிறான். சாதாரண வாழை அல்ல. கண்ணாடிப் புட்டியில் பிறந்து, நிழல் வலைக் குடிலில் வளர்ந்து, பிளாஸ்டிக் பையில் பிரயாணம் செய்து வந்த வாழை. விஞ்ஞானிகள் திசு வளர்ப்பு என்பார்கள். எங்கள் பக்கத்தில் ‘டிஷ்யூ கன்று’ என்றால் குழந்தைக்கும் தெரியும். எல்லாக் கன்றும் ஒரே அச்சு, ஒரே நாளில் தார் தள்ளும், ஒரே வாரத்தில் வெட்டிவிடலாம், வியாபாரி ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போவான் என்று சொல்லி விற்றார்கள். அவனும் நம்பி 2,400 கன்றுகள் நட்டான். ஓய்வுக்காகக் கிடைத்த தொகையில் ஒரு பங்கு அதில் போயிற்று.

ஐந்தாவது மாதம் அவனிடமிருந்து டெலிபோன் வந்தது.

“நீ கதை எழுதுகிறவன். துப்பறியும் கதைகூட எழுதியிருக்கிறாய். வந்து என் தோட்டத்தில் துப்பறிந்துவிட்டுப் போயேன்” என்றான்.

போனேன். தோட்டம் தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஆளை மறைக்கும் உயரத்தில் நிற்கிற வாழைகளுக்கு நடுவே, இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகச் சில குட்டை வாழைகள். இலைகள் அகலமாய், கட்டையாய், ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு விசிறி மாதிரி நின்றன. கல்யாணப் பந்தியில் பெரியவர்களுக்கு நடுவே மணையில் உட்கார்ந்துவிட்ட சிறு பிள்ளைகளைப்போல.

கன்று விற்ற ஆசாமிகளிடம் அவன் போய்க் கேட்டிருக்கிறான். அவர்கள் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்கள்: “உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உலகத்துக்கே தெரியுமே! தோல் தொழிற்சாலைத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுக் கன்றைக் குறை சொன்னால் நாங்கள் என்ன செய்ய?”

இந்தப் பதிலைக் கேட்டு நண்பன் வாயடைத்துப்போய் வந்துவிட்டான். ஏனென்றால் பதிலில் பாதி உண்மை. பாலாற்றங்கரைத் தோல் தொழில் பழைய தொழில். ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட காலத்தில் நாற்றம் இருந்ததே தவிர, நஞ்சு இவ்வளவு இல்லை. குரோமிய உப்பு வந்த பிறகு காரியம் சீக்கிரமாயிற்று. கிணறுகளும் சீக்கிரமாகவே கெட்டன. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு பிரசித்தமானது. கெடுத்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். நஷ்ட ஈட்டைக் கணக்கிடுவதற்கென்றே ஓர் ஆணையமும் ஏற்பட்டது. ஆகவே இந்தப் பக்கத்து விவசாயி எவனும், தன் பயிர் கெட்டால் முதலில் சந்தேகிப்பது தண்ணீரைத்தான். அந்தச் சந்தேகத்தை இன்னொருவன் தன் சௌகரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குற்றவாளி யார்? தண்ணீரா, கன்றா? அன்று மத்தியானம் முழுவதும் அவனும் நானும் அவனுடைய பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தோம். உயர்ந்த வாழைக்கு ஒரு புள்ளி, குட்டைக்கு ஒரு பெருக்கல் குறி. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஆஜர் போட்ட கை, ஒன்றும் தவறவில்லை. ஆஜர் பட்டியல் முடிந்தபோது குட்டைகள் 211. அதைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டியலின் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், மறுநாள் காலை நாங்கள் போன இன்னொரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ராணிப்பேட்டை யாருடைய பேட்டை என்று கேட்டால், தேசிங்கு ராஜன் மனைவியின் பேட்டை என்பார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கும் செஞ்சியை ஆண்ட தேஜ் சிங்குக்கும் 1714-இல் சண்டை நடந்தது. தேஜ் சிங் மாண்டான். அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். பகைவனாக இருந்தும் நவாப்பின் மனம் அதில் உருகிவிட்டது. பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே, அவள் பேரால் ஓர் ஊரை உண்டாக்கினான் என்பது வழிவழி வரும் பேச்சு. ஜெயித்தவன் தோற்றவனுடைய மனைவியின் பேரால் ஊர் கட்டினான் என்பதை என் நாவலில் நான் எழுதியிருந்தால், ‘நம்பத் தகுந்ததாக இல்லை’ என்று விமர்சகர்கள் எழுதியிருப்பார்கள்.

அதே நவாப்பின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நவ்லாக் தோட்டம். நௌ லாக் என்றால் ஒன்பது லட்சம். ஒன்பது லட்சம் மரங்கள் இருந்ததால் அந்தப் பெயராம். இன்று அங்கே சர்க்காரின் தென்னை நாற்றுப் பண்ணையும் தோட்டக்கலைப் பண்ணையும் இருக்கின்றன. நிழலில் நின்றுகொண்டு நண்பன் ஒரு கணக்குப் போட்டான். வாத்தியார் புத்தி எங்கே போகும்! மாமரத்துக்கு மரம் 30 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 48 மரம். ஒன்பது லட்சம் மரத்துக்குப் பதினெட்டாயிரத்து எழுநூறு ஏக்கருக்குமேல் வேண்டும். அதாவது ஏறக்குறைய 29 சதுர மைல்! “நவாப் தோட்டம் போட்டானா, ஜில்லாவையே போட்டானா?” என்றான். லாகூர்க் கோட்டையில் ஒரு மண்டபத்துக்கு நௌலாகா என்று பெயர். அங்கே அந்த எண் ரூபாயைக் குறிப்பதாகச் சொல்வார்கள். தர்பங்காவில் அக்பர் லட்சம் மாமரம் வைத்தார் என்று ஒரு லாக்கி பாக் கதை உண்டு. நவாப் அக்பரை ஒன்பது மடங்கு தாண்டிவிடவேண்டுமென்று யாரோ அரண்மனைக் கவி நினைத்திருக்கலாம். எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் அந்தத் தோட்டத்து நிழலில்தான் எனக்கு ஒரு கேள்வி தோன்றிற்று. மரங்கள் எத்தனை என்பது இருக்கட்டும். எல்லாம் ஒரே ருசியாய் இருந்தனவா? கொட்டை போட்டு முளைத்த மாமரம் தாயைப்போல் பழுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே ஒட்டுக் கட்டினார்கள். தொட்டியில் இருக்கிற கன்றைத் தாய் மரத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டி, கூடிக்கொண்ட பிறகு கிளையை வெட்டிப் பிரித்துவிடுவார்கள். புதிய மரம் என்று நாம் சொல்வது உண்மையில் பழைய மரத்தின் ஒரு கிளை. இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு நல்ல மாமரம் இப்படியே நூற்றாண்டுக் கணக்காகச் சாகாமல் இருக்கலாம்.

வாழைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. கத்தி வேண்டாம், கயிறு வேண்டாம். கிழங்கிலிருந்து பக்கக் கன்று தானே வரும். விதையில்லாப் பழம், ஆகவே தகப்பனும் இல்லை, கலப்பும் இல்லை. நம் பெரியவர்கள் ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்தினார்களே, அதில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இங்கிலீஷ்காரர் க்ளோன் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். கிரேக்க பாஷையில் சிறு கிளை என்று அர்த்தமாம். 1903-இல்தான் வெப்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைச் செடிகளுக்கு உபயோகித்தார். நமக்கு வாழையடி வாழை எவ்வளவோ பழையது.

ஆனால் வாழையடி வாழையிலும் எப்போதாவது ஒரு வாழை வேறாக வந்துவிடும். செவ்வாழைக் கொல்லையில் திடீரென்று ஒரு மரம் பச்சைத் தார் போடுவதைப் பார்த்தவர்கள் உண்டு. பூவனிலிருந்து மொட்டப் பூவன் பிறந்தது இப்படித்தான். மொந்தனிலிருந்து சாம்பிராணி மொந்தனும் அப்படியே. நம் தோட்டத்தில் புழங்குகிற வாழை ரகங்களில் பல, என்றைக்கோ ஒரு குடியானவன் ‘இது வேறு மாதிரி இருக்கிறதே’ என்று வெட்டிப் போடாமல் விட்டுவைத்த விபத்துக்கள்.

இவ்வளவு இயற்கையாக நடக்கிற காரியத்தை ஏன் கண்ணாடிப் புட்டிக்குள் கொண்டுபோனார்கள்? ஒரு வாழை வருஷத்துக்குச் சில கன்றுகள்தான் விடும். அவற்றோடு கிழங்கில் புழுவும் வரும், முடிக்கொத்து நோயும் வரும். பழனி மலையில் விருபாட்சி வாழை அந்த நோயால் எவ்வளவு அடிபட்டது என்பது திண்டுக்கல் பக்கத்தாருக்குத் தெரியும். சுத்தமான கன்று, ஆயிரக்கணக்கில், கேட்ட மாதத்தில் வேண்டுமென்றால் கிழங்கை நம்ப முடியாது.

1902-இல் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரியர் வியன்னா விஞ்ஞான அகாடமியில் ஒரு கட்டுரை வாசித்தார். செடியிலிருந்து ஒரே ஓர் உயிரணுவைப் பிரித்து ஊட்டம் கொடுத்து வளர்த்தால் முழுச் செடியே வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அவர் வளர்த்த அணுக்கள் சில வாரம் உயிரோடு இருந்தன, பெருத்தன, ஒன்றாவது இரண்டாகவில்லை. தோற்றுப்போன பரிசோதனையை ஒளிக்காமல் வெளியிட்டாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவர் எதிர்பார்த்தது கைகூட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1958-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் என்பவர் காரட் அணுக்களிலிருந்து முழுச் செடியை வரவழைத்துக் காட்டினார். அவர் ஊற்றிய ஊட்டத்தில் முக்கியச் சரக்கு என்ன தெரியுமோ? இளநீர்! தென்னங்கன்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டு இதைச் சொன்னபோது என் நண்பன், “நம் ஊர்க்காரன் ஒருத்தன் அங்கே இருந்திருக்கவேண்டும்” என்றான்.

அதே காலத்தில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஸ்கூக் என்பவரும் அவருடைய சகாக்களும், செடி அணுவைப் பிரியத் தூண்டும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1955-இல் அது அகப்பட்டது, பழைய புட்டி ஒன்றில் கிடந்த மீனின் விந்துச் சத்திலிருந்து! புதுச் சரக்கு வாங்கிப் போட்டால் வேலை செய்யவில்லை, பழையது செய்தது. காரணத்தைத் தேடிப் போய்க் கைனெட்டின் என்பதைக் கண்டுபிடித்தார்கள். 1962-இல் அவருடைய மாணவர் முராஷிகேயும் அவரும் சேர்ந்து ஓர் ஊட்டக் கலவையின் அளவுகளை வெளியிட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் உலகத்துப் பரிசோதனைச் சாலைகளில் அந்த ‘எம்.எஸ்.’ கலவைதான் சமையல். எந்தச் சமையல் புத்தகத்துக்கும் இவ்வளவு ஆயுள் கிடைத்ததாகத் தெரியவில்லை. நம் நாடும் பின்தங்கி இருக்கவில்லை. 1964-இல் டில்லி சர்வகலாசாலையில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையை வளர்த்து, தகப்பன் வழியின் பாதிப் பாரம்பரியம் மட்டுமே உள்ள செடிகளை உண்டாக்கினார்கள். உலகத்தில் அதுவே முதல் தடவை.

வாழையைப் புட்டியில் வளர்ப்பது 1970-களில் தைவானில் ஆரம்பித்தது. 1990-களில் மகாராஷ்டிரத்து ஜல்காவ்ன் வழியாக நம் நாட்டில் பெருகியது. ‘ஜி நைன்’ என்று நம் குடியானவர்கள் சொல்கிற கிராண்ட் நைன் ரகம் அதில் முக்கியம். அது கேவண்டிஷ் குடும்பம். 1835-இல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபு கேவண்டிஷின் கண்ணாடி வீட்டில், தோட்டக்காரர் பாக்ஸ்டன் கையில் பூத்த ஒரு வாழை அந்தப் பெயரைக் கொடுத்தது. அந்தச் செடி மொரீஷியஸ் தீவு வழியாகப் போனது. நம் கடைகளில் ‘மோரிஸ் பழம்’ என்கிறோமே, அது மொரீஷியஸ் தேய்ந்து வந்த பெயர் என்பது என் எண்ணம்.

இனிமேல் நண்பனின் குட்டை வாழைகளுக்கு வருகிறேன்.

என் தங்கையின் மகள் உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒரு பரிசோதனைச் சாலையில் இருக்கிறாள். ஆஜர் பட்டியலை அவளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். அரைமணியில் பேசினாள்.

“மாமா, தண்ணீர் தப்பு என்றால் கிணற்றுப் பக்கம் ஒரு கூட்டமாகவோ, பள்ளத்தில் ஒரு கூட்டமாகவோ இருக்கும். இலை ஓரம் கருகும். இது அப்படியில்லை. நெருப்பில் பட்டாணி தெறித்த மாதிரி எங்கும் சிதறியிருக்கிறது. ஒரு குட்டைக்கு இரண்டு பக்கமும் நல்ல வாழை நிற்கிறது. ஒரே வாய்க்கால் தண்ணீர் ஆளைப் பார்த்தா பாயும்?”

துப்பறியும் கதை எழுதியவன் என்று பேர் வாங்கின எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

“அப்படியானால் கன்றில் என்ன கோளாறு?” என்றேன். அவள் விளக்கியதை, எனக்குப் புரிந்த உவமையில் சொல்கிறேன்.

ஏட்டுச் சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடி எழுதுவான் ஒருவன். அதைப் பார்த்து இன்னொருவன். எழுதுகிறவன் கை சோர்ந்தால் ஓர் எழுத்து மாறும். அடுத்தவன் மாறியதையே மூலமாக நினைத்து எழுதுவான். இப்படித்தான் பாடபேதம் உண்டாகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடியது ஒரு பிரதி போதாது என்பதால்தானே! வாழையின் ஈட்டிக் கன்றிலிருந்து நுனி முளையை எடுத்துப் புட்டியில் வைக்கிறார்கள். அது நாலைந்து முளையாகப் பிரிகிறது. ஒவ்வொன்றையும் பிரித்துப் புதுப் புட்டியில் வைக்கிறார்கள். மறுபடி நாலைந்து. எட்டுத் தடவைக்குமேல் பிரிக்கக்கூடாது என்பது ஒழுங்காக நடத்துகிறவர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. பிறகு புதிதாகத் தாய் மரத்துக்கே திரும்பிப் போகவேண்டும். லாபத்தை நினைத்து அதே முளையைப் பத்தாவது, பதினைந்தாவது தடவை பிரித்தால் பாடபேதம் ஏறிக்கொண்டே போகும். மருந்து அளவுக்கு மிஞ்சினாலும் ஏறும். புட்டிக்குள் வாழ்வது செடிக்குச் சொர்க்கம் என்று நாம் நினைக்கிறோம். அணுவுக்கு அது பெரிய அதிர்ச்சி. அடங்கிக் கிடந்த சில ஜீன்கள் அப்போது விழித்துக்கொள்ளும். 1981-இல் ஆஸ்திரேலியாவின் லார்கினும் ஸ்கௌகிராஃப்டும் இந்த மாறாட்டத்துக்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். கேவண்டிஷ் வாழையில் இந்த மாறாட்டம் பெரும்பாலும் குட்டையாகத்தான் வெளிப்படுமாம்.

“இதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழியில்லையா?”

“இருக்கிறது, மாமா.”

கன்றின் இலைத் துண்டை அரைத்து அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். தாய் மரத்து இலையிலிருந்தும் பிரிக்கிறார்கள். 1983-இல் காரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் நினைத்துக் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு, டி.என்.ஏ.யில் வேண்டிய துண்டை மட்டும் ஒரு சின்னக் குழாயில் சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றிக் கோடிக் கணக்கில் பெருக்குகிறது. அதற்காக அவருக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப் பெருகிய துண்டுகளைப் பாசிக் கூழில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஊதா கடந்த ஒளியில் பார்த்தால் படிக்கட்டுப் போலக் கோடுகள் தெரியும். தாயின் கோடுகளும் பிள்ளையின் கோடுகளும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக இருந்தால் சரி. ஒரு கோடு கூடினாலோ குறைந்தாலோ, பிரதியில் எங்கோ பேதம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்படியானால் இனிமேல் ஒரு குட்டையும் தப்ப முடியாதே!” என்றேன்.

“அவசரப்படாதீர்கள்” என்றாள் அந்தப் பெண். வாழையின் டி.என்.ஏ. முழுவதையும் 2012-இல் படித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 52 கோடி எழுத்து. என் பெரிய நாவல் ஒன்றில் பத்து லட்சம் எழுத்து இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 520 நாவல்! கோடு பார்க்கும் சோதனை அதில் தொட்டுப் பார்ப்பது சில நூறு இடங்களை. ஐந்நூறு நாவலில் சில நூறு வார்த்தைகளை மட்டும் பார்த்துவிட்டு ‘அச்சுப் பிழை இல்லை’ என்று சொல்லும் புரூப் திருத்துகிறவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அவர் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பிழை உண்மையான பிழைதான். சோதனையின் பலமும் பலவீனமும் அதுவே. இந்தக் காரணத்தால் கெட்டிக்காரர்கள் கண்ணையும் விடுவதில்லை. நாற்றுக் குடிலிலேயே இலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, கட்டையாய் இருப்பதைப் பொறுக்கி எறிகிறார்கள். 1990-களில் ஆஸ்திரேலியாவில் இன்னொரு தந்திரம் கண்டார்கள்: உயரத்தைத் தூண்டும் ஜிப்பெரலின் என்ற மருந்தைத் தெளித்தால் நல்ல கன்று சரசரவென்று நீளும், குட்டைக் கன்று அசையாது. எங்கள் பாட்டி பிள்ளைகளுக்குப் பேதி மருந்து கொடுத்துச் சோதித்தது மாதிரி!

கோடு ஒன்றாக இருந்தும் குணம் வேறாக இருக்கலாம் என்பதற்குப் பெரிய பாடம் மலேயாவில் கிடைத்தது. தமிழர்கள் தலைமுறைகளாகப் பாடுபட்ட அந்தத் தோட்ட நாட்டில், 1980-களில் திசு வளர்ப்பு எண்ணெய்ப் பனைகளை நட்டார்கள். பனை கன்றாய் இருக்கும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. வருஷங்கள் கழித்துப் பூத்தபோதுதான், பல மரங்களில் பழம் போர்வை போர்த்தியது மாதிரி விகாரமாக வந்தது, எண்ணெய் போயிற்று. டி.என்.ஏ. எழுத்தை எவ்வளவு ஒப்பிட்டும் பிழை அகப்படவில்லை. 2015-இல்தான் மலேசிய விஞ்ஞானிகள் உள்ளிட்ட ஒரு குழு மர்மத்தை உடைத்தது. எழுத்து மாறவில்லை, ஓர் இடத்தில் எழுத்தின்மேல் இருந்த ஒரு ரசாயன முத்திரை மட்டும் அழிந்திருந்தது. அதனால் அடங்கிக் கிடந்த ஒரு துண்டு தலைதூக்கிவிட்டது. அந்தத் துண்டின் பெயர் என்ன தெரியுமா? ‘கர்மா’! நெல்லில் அதை முதலில் கண்டவர்கள் வைத்த பெயர். முத்திரை இருந்தால் நல்ல கர்மா, அழிந்தால் கெட்ட கர்மா என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டு என் நண்பன் வெகுநேரம் சிரித்தான். ஐந்து மாதத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம் விதைக்காக எழுதப்பட்டது. புட்டிக் கன்று அதன் கண்ணில் படவே இல்லை. 2006 மார்ச்சில் மத்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்பத் துறையை அதிகாரியாக நியமித்து, திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்று தேசியச் சான்றிதழ் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கன்று உற்பத்தி செய்கிற இடத்தைப் பரிசோதித்து அங்கீகாரம் கொடுக்கிறார்கள். முடிக்கொத்து முதலான வைரஸ் நோய்கள் இல்லை என்றும், தாயோடு கன்று பாரம்பரியத்தில் ஒத்திருக்கிறது என்றும் சோதித்துத்தான் சீட்டுக் கொடுக்கவேண்டும். அப்படிச் சோதிக்கிற இடங்களில் ஒன்று திருச்சிக்கு அருகே தாயனூரில் இருக்கிறது: 1993-இல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம். நூற்றுக்கணக்கான வாழை ரகங்களை அங்கே பேணி வளர்க்கிறார்கள். வாழைக்கு ஒரு சரஸ்வதி மகால் என்று சொல்லலாம்.

இவ்வளவும் இருந்தும், என் நண்பன் கன்று வாங்கினபோது அந்தச் சீட்டைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ரசீதில் ‘கன்று 2,400’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தொகுதி, எந்தத் தாய், எத்தனையாவது பிரிப்பு, ஒன்றும் இல்லை. அவன் நட்டது கன்றா, ஒன்பது லட்சம் மரக் கதையா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஆஜர் பட்டியலின் நகலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேருமாகக் கன்று விற்றவர்களிடம் போனோம். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை, மின்விசிறி, மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞர். தண்ணீர்ப் பேச்சை மறுபடி ஆரம்பித்தார். நண்பன் பதிவேட்டை விரித்து வைத்தான்.

“தம்பி, நான் நாற்பது வருஷம் வாத்தியார். ஒரு வகுப்பில் தண்ணீர் கெட்டுப்போனால் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். பெஞ்சுக்கு ஒருத்தனைப் பொறுக்கி எடுத்து வராது. இதைப் பார்.”

இளைஞர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ டெலிபோன் செய்தார். திரும்பி வந்து, அடுத்த பட்டத்துக்கு 211 கன்றுகள் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். உரம், கூலி, ஒரு வருஷத்துத் தண்ணீர், இவற்றைப்பற்றிப் பேச்சே இல்லை.

“கன்று வேண்டாம். சீட்டோடு வருகிற கன்று எங்கே கிடைக்கும், அதை எழுதிக் கொடு” என்றான் நண்பன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, “இலவசக் கன்றை ஏன் விட்டாய்?” என்று கேட்டேன்.

“அதையும் எண்ணவேண்டி வருமே” என்றான்.

குட்டைகளை வெட்டிவிடலாமென்று நான் சொன்னேன். பாதியை வெட்டினான். மிச்சத்தை விட்டுவைத்ததற்குக் காரணம் என் மருமகள் சொன்ன ஒரு செய்தி. பனாமா வாடல் நோயின் புது வகை ஒன்று தைவானைத் தாக்கி, கேவண்டிஷ் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த சமயம், அந்த ஊர் வாழை ஆராய்ச்சிக்காரர்கள் 1980-களில் ஆயிரக்கணக்கான புட்டிக் கன்றுகளை நோய் பிடித்த மண்ணிலேயே வேண்டுமென்றே நட்டார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்து நின்ற ஒருசில, மாறாட்டம் அடைந்தவை. அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த ஒன்றுதான் ஃபார்மோசனா என்ற ரகம். அதே நோய் பீகாரில் நுழைந்து சில வருஷங்கள் ஆகின்றன.

“இதில் எது என்ன செய்யும் என்று யார் கண்டது?” என்று நண்பன் கிணற்றங்கரை ஓரத்தில் சில குட்டைகளை விட்டுவிட்டான். ஒவ்வொன்றின் தண்டிலும் ஆஜர் எண்ணை எழுதிச் சின்னத் தகடு கட்டியிருக்கிறான். சென்ற வாரம் டெலிபோன் செய்தான். 117-ஆம் எண் தார் தள்ளியிருக்கிறதாம். நாலே நாலு சீப்பு. கழுத்து வெளியே வராமல் இலைக் காம்புகளுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறதாம். அவன் மனைவி மெதுவாக விலக்கிவிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.